பஃபேயா, வாழையிலையா, பொட்டலமா? - விருந்துக்கு ஏற்ற சாப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விசேஷத்துக்குத் தேதி குறிச்சாச்சு. இடமும் பார்த்தாச்சு. அடுத்த கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

பெரும்பாலான வீடுகளில் உடனே வரும் பதில், "பஃபே சொல்லிடலாம்."

பல நேரம் அது சரிதான். ஆனால் எல்லா விருந்துக்கும் பஃபே பொருந்தாது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணம் மட்டும் வீணாவதில்லை. வந்தவர் சாப்பிடாமல் போகலாம், சாப்பிட்டவருக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம்.

சிங்கப்பூரில் விருந்து வைக்கும்போது எதைப் பார்த்து முடிவெடுக்கலாம்?

முதலில் இந்த 3 கேள்விகள்

உணவுப் பட்டியலைத் திறப்பதற்கு முன் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

விருந்தினர்கள் ஒரே நேரத்தில் வருவார்களா, விட்டு விட்டு வருவார்களா?

தட்டை ஏந்தி வரிசையில் நிற்க முடியாதவர்கள் எத்தனை பேர்? முதியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லாரையும் எண்ணுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர், ஹலால் பார்ப்பவர், மாட்டிறைச்சி சாப்பிடாதவர், கடலை அல்லது கடலுணவு ஒத்துக்கொள்ளாதவர் யார் யார்?

பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பஃபே: எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால்

பிறந்தநாள், அலுவலகத் தீபாவளி ஒன்றுகூடல் போன்றவற்றுக்கு ஏற்றது. பலவகை உணவு இருக்கும். அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கமான பஃபேயில் உணவுச் சூட்டைக் காக்கும் பாத்திரங்களை நிறுவனமே கொண்டுவந்து அடுக்கும். 'மினி பஃபே' என்றால் பெரும்பாலும் தூக்கிப்போடும் தட்டுகளில் உணவு வந்து சேரும், சூடேற்றும் வசதி இருக்காது. விலை குறைவு என்று அதைத் தேர்ந்தெடுத்தால், வந்தவுடன் சாப்பிடும் கூட்டமாக இருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. முதலில் எடுப்பவர் இறாலையும் கோழியையும் அள்ளிக்கொண்டால் கடைசியில் வருபவருக்குச் சோறும் குழம்பும்தான் மிஞ்சும். அதனால் அதிகம் விரும்பப்படும் பதார்த்தங்களுக்குப் பரிமாற ஓர் ஆளை நிறுத்துங்கள். முதியவர்களுக்குத் தட்டில் போட்டு மேசைக்கே கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு இளையர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாழையிலை: உட்கார வைத்துப் பரிமாற ஆள் இருந்தால்

திருமணம், அறுபதாம் கல்யாணம், புதுமனை புகுவிழா என்றால் இலைச் சாப்பாட்டுக்கு ஈடில்லை. யாரும் வரிசையில் நிற்க வேண்டாம். கேட்டுக் கேட்டுப் பரிமாறுவதால் தட்டில் வீணாவதும் குறையும்.

ஆனால் இலை வேகத்தைக் கேட்கும். 120 பேர் வருகிறார்கள், மண்டபத்தில் 60 பேர்தான் உட்காரலாம் என்றால் இரண்டு பந்தி. ஒரு பந்திக்கு 40 நிமிடம் என்று வைத்தாலும், இலை எடுத்து மேசையைத் துடைக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். மண்டபத்தை எத்தனை மணிக்குத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திடம் கேட்க மறக்கக்கூடாத கேள்வி: "பரிமாற ஆள் உங்களுடையதா, எங்களுடையதா?"

பொட்டலம்: விட்டு விட்டு வந்தால்

கருமாதி, பிரார்த்தனைக் கூட்டம், தொண்டூழிய நிகழ்ச்சி போன்றவற்றில் ஆட்கள் நாள் முழுக்க வந்துகொண்டிருப்பார்கள். அங்கு பஃபே வைத்தால் மாலையில் வருபவருக்கு மதியச் சாப்பாடுதான் கிடைக்கும். அது ஆபத்து.

பொட்டலமாகவோ பெண்டோ பெட்டியாகவோ வாங்கினால் எண்ணிக் கொடுக்கலாம். சைவத்துக்குத் தனி நிற ஒட்டுவில்லை ஒட்டச் சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்காமல், மதியத்துக்குக் கொஞ்சம், மாலைக்குக் கொஞ்சம் எனப் பிரித்து வரவழையுங்கள்.

பெட்டியில் இருப்பதாலேயே உணவு பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் ஓர் உணவகத்தின் உணவைச் சாப்பிட்ட 80-க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். நிறுவன நிகழ்ச்சி ஒன்றுக்கு வாங்கிய பெண்டோ உணவைச் சாப்பிட்ட ஒருவர் உயிரிழந்தார்.

ஒரே தட்டு: நெருங்கியவர்கள் என்றால்

மலாய்ச் சமூகத்தின் நாசி அம்பெங்கைப் பார்த்திருப்பீர்கள். பெரிய தட்டில் சோறு, சுற்றிலும் ரெண்டாங், கோழி, செருண்டெங், வறுத்த நூடல்ஸ். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

குடும்பத்தினர், நெருங்கிய நண்பர்கள் என்றால் அருமையான தேர்வு. ஒருவரையொருவர் தெரியாத கூட்டத்துக்குச் சரிவராது. சைவர் ஒருவர் இருந்தாலும் அவருக்குத் தனித் தட்டு வேண்டும்.

ஆளுக்கொரு பதார்த்தம்: சின்னக் கூட்டத்துக்கு

பத்துப் பதினைந்து பேர் கூடினால், ஆளுக்கு ஒன்றாகச் சமைத்துக் கொண்டுவரலாம். யார் எதைக் கொண்டுவருகிறார் என்று முன்பே பட்டியல் போடாவிட்டால் நாலு பேர் பீஹூன் கொண்டுவருவார்கள், ஒருவரும் காய்கறி கொண்டுவர மாட்டார்கள்!

முஸ்லிம் நண்பர்கள் வந்தால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எந்தச் சட்டியில் எது சமைத்தது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் ஹலால் சான்றிதழ் பெற்ற கடையில் வாங்கிய உணவைத் தனியாக வையுங்கள். சிங்கப்பூரில் அந்தச் சான்றிதழை வழங்குவது முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம்.

கடிகாரத்தை மறக்காதீர்கள்

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர் அறை வெப்பநிலை அதற்குள்தான் வருகிறது.

கேட்டரிங் நிறுவனம் கொண்டுவரும் உணவில் நேர முத்திரை இருக்கும். எத்தனை மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று அதில் பார்க்கலாம். பொதுவான விதி, சமைத்ததிலிருந்து 4 மணி நேரம். உணவு உங்கள் வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து கணக்கிடக்கூடாது.

காலை 10.30 மணிக்குத் தயாரான உணவைப் பிற்பகல் 2.30 மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். "12 மணிக்கு விருந்து" என்று சொன்னாலும் சொந்தக்காரர்கள் 1.30 மணிக்கு மேல்தான் வருவார்கள் என்று தெரிந்தால், உணவை 1 மணிக்கு வரவழையுங்கள். முதலில் வருபவர்களுக்குத் தேநீரும் பலகாரமும் போதும்.

"மிச்சத்தைக் கட்டிக்கொடு" என்று பாட்டி சொல்வார். அன்பு புரிகிறது. ஆனால் நேரம் தாண்டிய உணவைக் கட்டிக்கொடுக்காதீர்கள்.

எவ்வளவு சொல்வது?

"பத்தாமப் போயிடுமோ" என்ற பயத்தில் 50 பேருக்கு 80 பேரின் சாப்பாட்டைச் சொல்கிறோம். சிங்கப்பூரில் 2023-ஆம் ஆண்டில் சுமார் 755,000 டன் உணவு கழிவானது.

வருவதாக உறுதிசொன்னவர்களை மட்டும் எண்ணுங்கள். சிறு பிள்ளைகள் இருவரை ஒருவராகக் கணக்கிடலாம். சோறும் ரொட்டியும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும், எல்லாப் பதார்த்தமும் கூடுதலாக வேண்டாம்.

மிச்சமானதை நன்கொடையாகக் கொடுக்கலாமா? உணவு நன்கொடை அளிப்போருக்கு, நிபந்தனைகளோடு சட்டப் பாதுகாப்புத் தரும் சட்டம் 2024 ஆகஸ்டில் நிறைவேறியது. பிரிக்காத, நேரம் தாண்டாத பொட்டலங்களை அமைப்புகளிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். மேசையில் பலர் கரண்டி போட்ட உணவு அதற்கு ஏற்றதல்ல.

பணம் கட்டுவதற்கு முன்

- நிறுவனத்துக்கு சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் உள்ளதா என்று பாருங்கள்.

- விலையில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்துள்ளதா? வரியில்லாமல் ஆளுக்கு 18 வெள்ளி என்றால் 50 பேருக்கு 900 வெள்ளி. வரியோடு 981 வெள்ளி. போக்குவரத்துக் கட்டணம் தனியாக இருக்கலாம்.

- புளோக்கின் கீழ்த்தளத்தில் விருந்து என்றால் நகர மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அங்கேயே தோசை, பரோட்டா சுடும் எண்ணம் இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

- சைவ உணவுக்குத் தனி மேசை, தனிக் கரண்டி வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். கோழிக் குழம்புக் கரண்டி பருப்புக்குள் போய்விட்டால் சைவர் அன்று தயிர்சாதத்தோடு எழுந்துவிடுவார்.

எத்தனை வகை வைத்தோம் என்பதை யாரும் அதிக நாள் நினைவில் வைத்திருப்பதில்லை. "எனக்குச் சாப்பிட ஒன்றுமே இல்லை" என்று போனவர் மட்டும் மறக்க மாட்டார். அவரை முதலில் நினைத்துப் பட்டியல் போடுங்கள். மற்றவர்களுக்குத் தேர்ந்தெடுப்பது எளிது.