24 சேனலா, 32 சேனலா? மேடை ஒலிக்கு மிக்சர் வாங்குவோருக்கு மும்பை மேடைகள் காட்டும் கணக்கு

மும்பை: ஒரு கர்நாடக இசைக் கச்சேரிக்கு 8 மைக் போதும். மறுநாள் அதே மேடையில் மெல்லிசைக் குழு ஏறினால் 27 தேவைப்படும். நடுத்தர அளவிலான ஒலிக்கலவைக் கருவியை, அதாவது மிக்சரை, வாங்க முனையும் சபாக்களும் விழாக் குழுக்களும் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்களும் முதலில் இடறுவது இந்த வேறுபாட்டில்தான். உறுப்பினர்களின் சந்தாவிலோ திருவிழா நன்கொடையிலோ வாங்கப்படும் இக்கருவி, பத்து ஆண்டுகளாவது உழைக்க வேண்டியதாகும்.

தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் மும்பைப் பகுதிகளில் இத்தேவையின் பல வடிவங்களையும் காணலாம். மாட்டுங்காவை ஒட்டி, 1963-ல் திறக்கப்பட்ட சண்முகானந்தா அரங்கம் உள்ளது. 1990-ல் தீ விபத்துக்குள்ளாகி, 1998-ல் மீண்டும் திறக்கப்பட்ட இதில் 2,700-க்கும் அதிகமான இருக்கைகள் உள்ளன. செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் அரங்கில் கச்சேரிகளும் நாட்டிய நிகழ்ச்சிகளும் நடைபெறுகின்றன. தாராவியிலோ பொங்கலுக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் தெருவே மேடையாகிறது.

கச்சேரிக் கணக்கு எளிது. குரலுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்தின் இரு பக்கங்களுக்கும் 2, கடம், கஞ்சிரா, தம்புராவுக்குத் தலா 1, அறிவிப்பாளருக்கு 1 என எட்டு முடிந்துவிடும். மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் மட்டுமே 7 மைக் கேட்கும். இரண்டு கீபோர்டுகளுக்கு 4, தபலா, டோலக், ஆக்டோபேட் ஆகியவற்றுக்குத் தலா 2, பாஸ் கிதார், கிதார், புல்லாங்குழலுக்குத் தலா 1, பாடகர்களுக்கு 4, கோரஸுக்கு 2, தொகுப்பாளருக்கு 1 எனக் கூட்டினால் 27 வரும். இவற்றுடன் பழுதான மைக்கை மாற்றிச் செருக இரண்டு, மூன்று சேனல்களாவது காலியாக இருக்க வேண்டும்.

பெட்டியில் அச்சிடப்பட்ட எண் இக்கணக்கோடு எப்போதும் பொருந்துவதில்லை. 20 சேனல் என விற்கப்படும் யமஹா எம்ஜி20 அனலாக் மிக்சரில் மைக் செருகக் கூடிய இடங்கள் 16 மட்டுமே. ஸ்டீரியோ இணைப்புகளும் சேர்ந்துதான் 20 ஆகிறது. டிஜிட்டல் கருவிகளில் நிலைமை வேறு. பெஹ்ரிங்கர் எக்ஸ்32 காம்பாக்ட், ஆலன் அண்டு ஹீத் எஸ்க்யூ-5, யமஹா டிஎஃப்1 ஆகியவை 32 அல்லது அதற்கு மேற்பட்ட சேனல்களைக் கையாளும் திறனுடையவை. ஆயினும் அவற்றின் பின்புறத்தில் உள்ள மைக் சாக்கெட்டுகள் 16 தான். எஞ்சியவற்றுக்கு மேடையில் வைக்கும் ஸ்டேஜ் பாக்ஸைத் தனியே வாங்க வேண்டும். விலைப்பட்டியலை ஒப்பிடும்போது அதன் விலையையும் சேர்க்காவிட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும்.

உள்ளே வரும் வழிகளை எண்ணுவோர் பலரும் வெளியே செல்லும் வழிகளை எண்ணுவதில்லை. மேடையில் இருப்பவர் தம்மைத் தாமே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை வேண்டுமெனில், ஒவ்வொன்றுக்கும் ஓர் 'ஆக்ஸ்' வெளியீடு தேவை. பாடகருக்குத் தம் குரலும் தம்புராவும் வேண்டும். மிருதங்கக் கலைஞருக்குப் பாட்டும் வயலினும் வேண்டும். நான்கே ஆக்ஸ் உள்ள அனலாக் கருவியில் எக்கோ, ரிவெர்ப் ஆகியவை இரண்டை எடுத்துக்கொண்டால் மேடைக்கு மிஞ்சுவது இரண்டே. அந்த ஆக்ஸ்களும் ஃபேடருக்கு முந்தைய நிலையிலிருந்து ஒலியை எடுப்பவையாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் அரங்கத்துக்கான ஒலியைக் குறைக்கும்போதெல்லாம் பாடகரின் மானிட்டரிலும் ஒலி இறங்கும். எக்ஸ்32 வரிசையில் 16 கலவை வழிகள் உள்ளன. டிஜிட்டலுக்கு மாறுவோருக்குக் கிடைக்கும் பெரும் பயன் இதுவே. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் 96 கிலோஹெர்ட்ஸ் அன்று.

ஊளைச் சத்தத்தைக் கட்டுப்படுத்துவதிலும் வேறுபாடு உண்டு. கடமோ வயலினோ ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊளையிடும்போது, அந்த அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக வெட்ட டிஜிட்டல் கருவியின் பாராமெட்ரிக் ஈக்வலைசர் இடம் தருகிறது. அனலாக் வாங்குவோர், நடு அதிர்வெண்ணை நகர்த்தும் குமிழும், 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை வெட்டும் வடிகட்டியும் ஒவ்வொரு மைக் சேனலிலும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

தாராவித் தெருக்களில் வேறு சில கேள்விகள் எழுகின்றன. சந்துகளில் தலைச்சுமையாகத் தூக்கிச் செல்ல வேண்டிய இடத்தில், கனத்த செம்புக் கம்பிகளாலான மல்டிகோர் கேபிளுக்குப் பதில் 100 மீட்டர் வரை செல்லும் ஒற்றை நெட்வொர்க் கேபிள் பெரும் நிம்மதி. ஆனால் அந்த ஒரு கேபிளை யாரேனும் மிதித்து அறுத்தால் மேடை முழுவதும் மௌனமாகும். மாற்றுக் கேபிள் கைவசம் இருந்தே ஆக வேண்டும். ஜெனரேட்டர் ஒரு கணம் தடுமாறினால் அனலாக் கருவி உடனே மீளும். டிஜிட்டல் கருவி மீண்டும் தொடங்கும் வரை கூட்டம் காத்திருக்க நேரிடும். எனவே சிறிய யுபிஎஸ் ஒன்று கருவியின் விலையிலேயே அடக்கம் எனக் கருதலாம். டேப்லெட் மூலம் இயக்குவோர், வைஃபை நெரிசல் மிகுந்த இப்பகுதியில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்வது நல்லது.

சட்டமும் தேர்வில் குறுக்கிடுகிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. பொது இடத்தின் எல்லையில் ஒலி அளவு, அப்பகுதிக்குரிய வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55 என்பதால் அங்கு 65-ஏ உச்சம். இறுதி வெளியீட்டில் லிமிட்டர் வசதியுள்ள கருவி, உற்சாகத்தில் ஏறும் கையைக் கட்டுப்படுத்த உதவும். முன்னமைவுகளைச் சேமிக்கும் 'சீன்' வசதி, நாட்டியத்துக்கும் மெல்லிசைக்கும் இடையே வீணாகும் நிமிடங்களை மீட்டுத் தரும். பத்து மணிக்குள் முடிக்க வேண்டிய மேடையில் அது சிறிய உதவியன்று.

இத்தனைக்குப் பிறகும், பஜனையும் கச்சேரியும் மட்டுமே நடைபெறும், தன்னார்வலர்கள் மாறி மாறி இயக்கும் சிறிய மண்டபத்துக்கு அனலாக் கருவியே பொருத்தமானது. எல்லாக் குமிழ்களும் கண்முன் இருப்பதால் புதியவரும் தடுமாற மாட்டார். மீதப்படும் பணத்தில் நல்ல மைக்குகளை வாங்கலாம்.

முடிவெடுக்கும் முன், அதே மாடலை ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்து இயக்கிப் பார்ப்பது செலவு குறைந்த சோதனை. விநாயகர் சதுர்த்தி நெருங்கிவிட்டால் கருவிகள் கிடைப்பது அரிது; திருமணங்கள் குறைந்த மழை மாதங்களின் தொடக்கத்திலேயே கேட்டுவைப்பது நல்லது.