உங்களுக்குத் தெரியுமா? திருச்சட்டமும் தேவ கிருபையும்

பழைய ஏற்பாடு என்றால் சட்டம், புதிய ஏற்பாடு என்றால் கிருபை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது நம்மில் பலருக்குப் பழகிவிட்டது. மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவையும் பவுலின் நிருபங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், அந்தப் பிரிவினை நிற்காது. சில செய்திகளைப் பாருங்கள்.

விடுதலை முந்தியது, கட்டளை பிந்தியது

பத்துக் கட்டளைகள் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் வருகின்றன. பஸ்கா இரவு 12-ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. கடலைக் கடப்பது 14-இல். அடிமைத்தளை அறுந்த பிறகு, மூன்றாம் மாதத்தில்தான் இஸ்ரவேலர் சீனாய் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கட்டளைகளைக் கைக்கொண்டால் எகிப்திலிருந்து விடுவிக்கிறேன் என்று கடவுள் பேரம் பேசவில்லை. தாம் ஏற்கெனவே விடுவித்ததை நினைவூட்டிவிட்டுத்தான் கட்டளை தரத் தொடங்குகிறார். யூத மரபு அந்த நினைவூட்டலையே பத்தில் முதலாவதாக எண்ணுகிறது.

430 ஆண்டு இடைவெளி

ஆபிரகாம் கடவுளை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிறது ஆதியாகமம் 15. விருத்தசேதனக் கட்டளை வருவது 17-ஆம் அதிகாரத்தில். ரோமர் 4-இல் பவுல் தம் வாதத்தை இந்த வரிசையின் மேல்தான் கட்டுகிறார். வாக்குறுதி கொடுக்கப்பட்டு 430 ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டம் அந்த வாக்குறுதியை ரத்து செய்ய முடியாது என்று கலாத்தியர் 3-இல் எழுதுகிறார். கிருபை முதலில் என்பதற்குப் பவுல் காட்டும் சாட்சி தோராவிலிருந்தே வருகிறது.

உள்ளே கட்டளை, மேலே கிருபாசனம்

உடன்படிக்கைப் பெட்டிக்குள் கட்டளைப் பலகைகள் இருந்தன. அந்தப் பெட்டியை மூடியிருந்தது பசும்பொன்னால் செய்த கிருபாசனம். அதன் மேலிருந்தே மோசேயுடன் பேசுவதாகக் கடவுள் சொன்னார். ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் சென்று பலியின் இரத்தத்தை அங்கேதான் தெளித்தார். மீறப்பட்ட சட்டமும் மன்னிக்கிற கிருபையும் ஒரே பெட்டியில் சந்தித்தன.

உடைந்த பலகைகளுக்குப் பின்

மோசே மலையிலிருந்து இறங்கும் முன்பே மக்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கிவிட்டார்கள். முதல் பலகைகள் உடைந்தன. இரண்டாம் முறை பலகைகள் கொடுக்கப்பட்டபோது, கடவுள் தம்மை இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவராக அறிவித்தார். யாத்திராகமம் 34-இல் உள்ள இந்த அறிவிப்பை யூதர்கள் இரக்கத்தின் 13 பண்புகள் என்கிறார்கள். மன்னிப்புக் கேட்கும் செலிகோத் ஜெபங்களுக்கு இதுவே உயிர்நாடி. பாவநிவாரண நாளான யோம் கிப்பூரிலும் இது மீண்டும் மீண்டும் ஓதப்படுகிறது.

ஏழைக்கும் வழி உண்டு

பாவநிவாரண பலிக்கு ஆடு கொண்டுவர வசதியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லையா? ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு போதும். லேவியராகமம் 5 இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. பணமில்லை என்பதற்காக மன்னிப்பு யாருக்கும் மறுக்கப்படவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் செலுத்தும் காணிக்கைக்கும் இப்படி ஒரு சலுகை உண்டு. குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது யோசேப்பும் மரியாளும் செலுத்தியது அந்த ஏழைகளின் காணிக்கையே.

613-இலிருந்து ஒன்றுக்கு

தோராவில் 613 கட்டளைகள் உள்ளன என்ற கணக்கு, ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூதின் மக்கோத் நூலில் ரபீ சிம்லாயின் பெயரில் வருகிறது. செய்யச் சொன்னவை 248. செய்யாதே என்றவை 365. ஆனால் அந்தப் பகுதி அங்கேயே நின்றுவிடுவதில்லை. தாவீது 15-ஆம் சங்கீதத்தில் அவற்றை 11 ஆக்கினார், ஏசாயா 6 ஆக்கினார், மீகா 3 ஆக்கினார் என்று சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஆபகூக் எல்லாவற்றையும் ஒன்றில் நிறுத்தினார் என்று முடிகிறது. அந்த ஒன்று ஆபகூக் 2:4: நீதிமான் விசுவாசத்தினால் வாழ்வதைப் பற்றிய வசனம். ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதியபோது பவுல் தூணாக நாட்டியதும் இதே வசனம்தான். ரபீக்களும் அப்போஸ்தலரும் வெவ்வேறு பாதையில் நடந்து ஒரே தீர்க்கதரிசியின் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

தினமும் காலையில்

சொந்தப் புண்ணியத்தை நம்பியே யூதர் கடவுளை அணுகுகிறார்கள் என்று எண்ணுகிறவர்கள், அவர்களுடைய ஜெபப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் நீதியை அல்ல, உம் இரக்கத்தையே நம்பி விண்ணப்பிக்கிறோம் என்ற தானியேல் 9:18-இன் கருத்து அன்றாடக் காலை ஜெபத்தில் இருக்கிறது. யூதப் புத்தாண்டு முதல் யோம் கிப்பூர் வரை சொல்லப்படும் அவினு மல்கேனு ஜெபம், காட்டுவதற்கு எங்களிடம் நற்செயல் இல்லை, எங்களுக்கு இரங்கும் என்ற வேண்டுதலோடு முடிகிறது.

உயிர் காக்க ஓய்வுநாளையும் மீறலாம்

ஓய்வுநாள் யூதருக்கு உயிரினும் மேலானது என்று நினைக்கிறோம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தாலே போதும், ஓய்வுநாள் விதி விலகிக்கொள்ளும் என்கிறது ரபீக்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா. இதற்குத் தல்மூது தரும் ஆதாரங்களில் ஒன்று லேவியராகமம் 18:5: கட்டளைகள் மனிதன் வாழ்வதற்காகத் தரப்பட்டவை, சாவதற்காக அல்ல என்பது அவர்களின் விளக்கம். ரோமர் 10-இலும் கலாத்தியர் 3-இலும் பவுல் எடுத்தாளும் அதே வசனம் இது.

குகையில் கிடைத்த சாட்சி

1947-இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த முதல் சுருள்களில் ஒன்று சமூக விதி. சட்டத்தை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த ஒரு குழுவின் நூல் அது. அதன் இறுதியில் உள்ள பாடலோ, தன் பாவத்தை ஒப்புக்கொண்டு, தான் நீதியாக்கப்படுவது கடவுளின் இரக்கத்தால்தான் என்று அறிக்கையிடுகிறது.

எருசலேமில் ஒரு தீர்ப்பு

கி.பி. 49 வாக்கில் ஆதித் திருச்சபையைப் பிளக்கப் பார்த்த கேள்வி இது: யூதரல்லாத விசுவாசி மீட்படைய விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டத்தை ஏற்க வேண்டுமா? அப்போஸ்தலர் 15 அந்தக் கூட்டத்தை விவரிக்கிறது. நம் முன்னோர்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தை ஏன் அவர்கள் கழுத்தில் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். யூதரும் மற்றவரும் ஆண்டவரின் கிருபையால்தான் மீட்படைகிறார்கள் என்றார். யாக்கோபு தீர்ப்புச் சொன்னார். விருத்தசேதனம் தேவையில்லை. விலக்க வேண்டியவை நான்கு: விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெரித்துக் கொன்ற பிராணியின் இறைச்சி, வேசித்தனம். இறைச்சி பற்றிய விதி, யூதரும் மற்றவரும் ஒரே பந்தியில் உட்கார வழி செய்தது. கிருபை மீட்பைத் தந்தது. கட்டளை உறவைக் காத்தது.

இருவர், இரண்டு முடிவுகள்

யூதத் தாய்க்கும் கிரேக்கத் தந்தைக்கும் பிறந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் விருத்தசேதனம் செய்வித்தார். கிரேக்கனான தீத்துவுக்குச் செய்ய மறுத்தார். முரண்பாடா? தீமோத்தேயு விஷயத்தில், தாம் போகும் இடத்து யூதர்களை மனதில் வைத்தார். தீத்துவின் விஷயத்திலோ, சிலர் அதைக் கட்டாயமாக்கப் பார்த்தார்கள். மரபாக இருக்கும்வரை பவுலுக்குத் தடையில்லை. மீட்புக்கு நிபந்தனையானால் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய ஏற்பாட்டைத் தூக்கியெறிந்தவர்

தோராவின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று போதித்தார் மார்சியோன். பழைய ஏற்பாட்டை முழுவதும் ஒதுக்கி, வெட்டிச் சுருக்கிய லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். கி.பி. 144-இல் ரோமச் சபை அவரை விலக்கியது. கிருபையை உயர்த்துவதற்காகச் சட்டத்தை இழித்துப் பேசும் போதனையைத் திருச்சபை அன்றே தவறென்று தீர்த்துவிட்டது.

லூத்தரே எதிர்த்தார்

கிருபையால் மட்டுமே மீட்பு என்று முழங்கிய மார்ட்டின் லூத்தர், 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் பத்துக் கட்டளைகளோடுதான் தொடங்கினார். கட்டளைகளுக்குப் பிரசங்க பீடத்தில் இடமில்லை என்று அவருடைய நண்பர் யோகான் அக்ரிகோலா வாதிட்டபோது, 1537 முதல் லூத்தர் அவரைக் கடுமையாக மறுத்தார். ஜான் கால்வின் சட்டத்துக்கு மூன்று பயன்கள் சொன்னார்: பாவத்தை உணர்த்துவது, தீமையை அடக்குவது, விசுவாசிக்கு வழிகாட்டுவது. இவற்றில் முதன்மையானது மூன்றாவதே என்றார்.

எத்தியோப்பியாவின் வழி

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் ஞாயிற்றோடு சனிக்கிழமையையும் கனம்பண்ணுகிறார்கள். பன்றி இறைச்சி உண்பதில்லை. ஆண்குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யும் வழக்கமும் உண்டு. கிறிஸ்துவை அறிக்கையிடும் பழம்பெரும் சபை, தோராவின் பல வழக்கங்களை இன்றும் காத்துவருகிறது.

1977-இல் ஒரு நூல்

ஈ.பி. சாண்டர்ஸ் என்ற அறிஞர் வெளியிட்ட பவுலும் பாலஸ்தீன யூதமும் என்ற நூல், பவுல் ஆய்வின் திசையையே மாற்றியது. பவுல் காலத்து யூதர் உடன்படிக்கைக்குள் வந்தது கடவுளின் தெரிவால், கட்டளைகளைக் கைக்கொண்டது அதற்குள் நிலைத்திருக்க என்று அவர் பழைய நூல்களைக் கொண்டு வாதிட்டார். எல்லோரும் அதை முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் யூத மதத்தை வெறும் புண்ணியக் கணக்காகச் சித்திரிப்பது அதன்பின் எளிதாக இல்லை.

பிரிந்த நாளிலேயே உடன்பாடு

லூத்தரின் 95 கருத்துரைகளோடு நினைக்கப்படும் நாள் அக்டோபர் 31. 1999-இல் அதே நாளில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதர் கடவுளால் ஏற்கப்படுவது கிருபையால் மட்டுமே, தம் தகுதியால் அல்ல. அந்தக் கிருபை நற்செயல்களுக்கு அழைத்துச் செல்கிறது என்பது அதன் சாரம். உலக மெத்தடிஸ்ட் பேரவை 2006-இலும், உலகச் சீர்திருத்தச் சபைகளின் ஐக்கியம் 2017-இலும் இணைந்தன.

கடவுளின் கிருபையைச் சம்பாதிக்க யாராலும் முடியாது. பெற்றவர் பழையபடியே வாழவும் முடியாது. தோராவும் பவுலும் ஒன்றாய்ச் சொல்வது இதைத்தான். எபேசியர் 2-ஆம் அதிகாரத்தின் 8, 9 வசனங்களை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். நற்செயல்களைச் செய்யவே நாம் படைக்கப்பட்டோம் என்று சொல்லும் 10-ஆம் வசனத்தையும் அவற்றோடு சேர்த்தே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைக் கற்றுக்கொடுக்கும்போது, முதலில் எகிப்திலிருந்து மீட்ட கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.