சொந்த நிலம் இல்லையா? தேனீ வளர்க்கலாம்

நாகல் நகரில் வாடகை வீடு. சொந்தமா ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. "தேனீ வளர்ப்பெல்லாம் தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்குத்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி இல்லை. பூ இருக்கிற தோட்டமும், ஓரமாகப் பெட்டி வைக்கச் சம்மதிக்கிற தோட்டக்காரரும் கிடைத்தால் போதும். ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கை, நத்தம் பக்கம் மா, ஆயக்குடியில் கொய்யா, எங்கும் தென்னையும் புளியும் என நம்ம மாவட்டத்தில் பூவுக்குக் குறைவில்லை. தோட்டக்காரருக்கும் இதில் லாபம் உண்டு. பாகல், பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும்.

நம் ஊருக்கு ஏற்றது பெட்டியில் வளரும் இந்தியத் தேனீ. மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்காது. இந்தியத் தேனீ ஒரு பெட்டிக்கு ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 8 கிலோ தேன் தரும். ஆகவே இரண்டு பெட்டியை நம்பி வேலையை விட்டுடாதீங்க. இரண்டில் தொடங்கி, ஓர் ஆண்டு பழகி, பிறகு கூட்டைப் பிரித்துப் பெருக்குங்கள்.

பலர் நஷ்டப்படுவது எங்கே தெரியுமா? பெட்டி வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதில்தான். தேனீ சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில்தான் இரை தேடும். அந்த வட்டத்தில் பூ ஓய்ந்த மாதங்களில் சர்க்கரைப் பாகு வைக்காவிட்டால், ஒருநாள் காலையில் வெறும் பெட்டிதான் இருக்கும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மெழுகுப் பூச்சி நூலாம்படை கட்டியிருந்தால் அந்த அடையை உடனே எடுத்துவிடுங்கள். எறும்பு ஏறாமல் இருக்க, தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

அடுத்தது மருந்து. பக்கத்துத் தோட்டத்தில் காலையில் பூச்சிமருந்து அடித்தால் இரை தேடப் போன தேனீ திரும்பாது. மாலையில், தேனீ கூடு திரும்பிய பிறகு அடிக்கச் சொல்லி முன்கூட்டியே பேசி வையுங்க. இந்தப் பேச்சு, பெட்டி வாங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

கூட்டை வாங்கும்போது புழுக்களைப் பார்த்து வாங்குங்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் புழுக்களைத் தாக்கி, மார்த்தாண்டம் உட்படத் தென்னிந்தியாவில் பெரும்பாலான இந்தியத் தேனீக் கூடுகளை அழித்தது. தேனை நம்பியிருந்த குடும்பங்கள் மீண்டுவர ஆண்டுகள் ஆயின.

அடையில் முக்கால் பங்கு அறைகள் மெழுகால் மூடிய பிறகே தேன் எடுங்கள். அவசரப்பட்டால் ஈரம் மிகுந்து புளித்துப்போகும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் தேவை.

பயிற்சிக்கு காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறை மாதந்தோறும் ஒருநாள் பயிற்சி நடத்துகிறது. மானியம் பற்றி உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். தொகை, தகுதி, ஆவணம் எல்லாம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். நிலம் இல்லாதவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டால் வீண் அலைச்சல் மிச்சம். தொழில் பெருகியதும் தேசிய தேனீ வாரியத்தின் 'மதுகிராந்தி' இணையதளத்தில் பதிவு செய்யலாம்.