மென்மையான கைக்கும் பயிற்சி வேண்டும்

‘இன்னும் நல்லா அழுத்துங்க’ என்று கேட்டு வாங்குகிறவர்களே மசாஜ் மேசையில் அதிகம். வலித்தால்தான் பலன் என்ற நம்பிக்கை படுத்திருப்பவருக்கும் உண்டு, தேய்ப்பவருக்கும் உண்டு. அதனாலேயே மென்மை என்பது கற்றுத்தர வேண்டாத, தானே வந்துவிடுகிற ஒன்றாக நினைக்கப்படுகிறது. அந்த நினைப்பு தவறு.

தோலுக்குக் கீழே

நிணநீர் வடிப்பு மசாஜை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930-களில் பிரான்சின் கான் நகரில் பணிபுரிந்தபோது உருவாக்கி, 1936-இல் பாரிசில் அறிமுகப்படுத்திய முறை இது. நிணநீரின் நுண்குழாய்கள் தோலை ஒட்டியே பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் சுவர்ச் செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. மெல்லிய இழைகள் அவற்றைச் சுற்றுத் திசுவோடு கட்டியிருக்கின்றன. தோல் லேசாக இழுபட்டால் இழைகளும் இழுபட்டு, ஓட்டிடுக்குகள் திறந்து, தேங்கிய நீர் உள்ளே போகும். ஓங்கி அழுத்தினால் குழாய்கள் நசுங்குவதுதான் மிச்சம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தபின் கை வீங்கித் தவிப்பவருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

கைக்கு என்ன பாடம்?

எண்ணெய் கூடாது, வழுக்கினால் தோல் இழுபடாது. கையைத் தட்டையாக வைத்து, தோல் எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு நகர்த்தி, கையை எடுக்காமலே அழுத்தத்தை முழுதாக விட வேண்டும். தசையைப் பிசைந்து பழகிய கை இந்த விடுதலில்தான் தடுமாறும். வகுப்பில் ஒரு சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு 150 கிராம் காட்டும்படி பத்து முறை அழுத்தச் சொன்னால், ‘மெதுவாக’ என்ற சொல்லுக்கு ஆளுக்கோர் எடை இருப்பது தெரிந்துபோகும். இன்னொன்று வரிசை: முதலில் கழுத்து, பிறகு உடம்பு, கடைசியில்தான் வீங்கிய கை. கடைமடை அடைத்துக் கிடக்கும்போது தலைமடையில் தண்ணீரைத் திறந்து என்ன பயன்?

வெறும் தடவல்தானே?

இதமாகத் தடவினால் யாருக்கும் சுகம்தான், அது சிகிச்சையாகுமா என்று கேட்பவர்கள் பாதி சரி. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது நன்றாக விழித்துக்கொள்ளும் தனி நரம்பு இழைகள் நம் தோலில் உண்டு. சுகம் அவற்றின் வேலை. ஆனால் சுகம் வேறு, வீக்கம் வடிவது வேறு. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கைவீக்கம் பற்றி 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அழுத்தக் கட்டு மட்டும் போட்டாலே வீக்கம் 30 முதல் 39 சதவீதம் குறைந்ததையும், இந்த மசாஜையும் சேர்த்தபோது மேலும் 7 சதவீதம் அளவுக்குக் குறைந்ததையும் காட்டியது. முறை பாதுகாப்பானது என்றும் சொன்னது. ஆக, பெரும்பங்கு கட்டுக்கு. கைக்குக் கிடைப்பது சிறுபங்கு. பயிற்சியாளர் இதையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். ‘நச்சு நீக்கம்’, ‘கொழுப்புக் கரைப்பு’ என்று பலகையில் எழுதுவதற்கு இந்த ஆதாரம் இடம் தரவில்லை.

மெதுவாகத்தானே தொடுகிறோம், என்ன ஆகிவிடும் என்ற அலட்சியமும் ஆபத்து. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அசைத்தால் கட்டி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். அப்படிப்பட்ட காலை எந்த மசாஜ் கைக்கும் நீட்டாதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.