ஈரத் துணியும் பொருளின் நிலைகளும்

மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளையும் யூதர் தெருவையும் கண்டு மீளும் தமிழர் பலர், சற்றுத் தொலைவில், ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள சலவைக்கூடத்தைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். அங்கே உழைப்போர் நம் மொழி பேசும் மக்கள். ஒல்லாந்தர் கொச்சியை ஆண்ட காலத்தில் (1663–1795), படைவீரரின் உடைகளை வெளுப்பதற்கென்று தம் முன்னோர் அழைத்து வரப்பெற்றனர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. இன்றைய கூடம் 1976ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது.

நாம் அங்குச் சென்றிருந்தபோது, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, தண்ணீர் கொதித்தால் ஆவியாகும் என்பது தெரியும். கொதிக்காத துணியிலிருந்து அது எப்படிப் போகிறது? நல்ல வெயிலிலும் சில நாள் துணி காய்வதில்லை. மேகம் மூடிய நாளிலும் காற்று அடித்தால் காய்ந்துவிடுகிறதே!"

துணி காய்ந்தால்தான் இஸ்திரி. இஸ்திரி முடிந்தால்தான் கூலி. ஆகவே இது பொழுதுபோக்கிற்காகக் கேட்ட கேள்வி அன்று. இதற்கு விடை காண, பொருளின் இயல்பையே நாம் அறிதல் வேண்டும.

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய துகள்களால் ஆனவை. நீரின் அத்தகைய துகளை மூலக்கூறு என்கிறோம். பனிக்கட்டியில் இம்மூலக்கூறுகள் தத்தம் இடத்தில் நின்று அதிர்கின்றன. அது திட நிலை. நீரில் ஒன்றையொன்று விடாமல், ஆயினும் இடம் மாறி நழுவுகின்றன. அது திரவ நிலை. ஆவியில் தளையறுத்துத் திசையெங்கும் பறக்கின்றன. அது வாயு நிலை. கொதிக்கும் 1 லிட்டர் நீர் முழுதும் ஆவியாயின், ஏறத்தாழ 1,670 லிட்டர் இடத்தைக் கொள்ளும். மூலக்கூறு மாறவில்லை, அவற்றின் இடைவெளியும் ஓட்டமுமே மாறின.

தேங்காய் எண்ணெயும் இதற்குச் சான்று. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். கொச்சியில் பெரும்பாலும் ஒழுகும் எண்ணெய், டில்லியில் வாழும் நம்மவர் வீட்டில் மார்கழி மாதத்தில் கட்டியாகிவிடுகிறது. கற்பூரமோ, திறந்து வைத்தால், திரவமாகாமலே வாயுவாகிக் கரைந்துபோகிறது.

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். திரவத்தின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவன அல்ல. மேற்பரப்பிலுள்ள மிக்க வேகமுடையவை, கொதிநிலை வருமுன்னரே தப்பி வெளியேறுகின்றன. எஞ்சியவை வேகம் குறைந்தவை. ஆதலால் ஈரத் துணி குளிர்ந்திருக்கிறது. அதே வேளையில், காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் சில துணிக்குத் திரும்புகின்றன. மழைக்காலத்தில் காற்று ஈரம் நிறைந்திருப்பதால், போவதும் வருவதும் ஏறக்குறைய சமமாகிவிடும். வெயில் தலைகாட்டினாலும் துணி எளிதில் உலராது. காற்று வீசினாலோ, வெளியேறியவை திரும்புமுன் அடித்துச் செல்லப்படுகின்றன. உலர்வதற்கு வெயிலைப் போலவே காற்றோட்டமும் துணை என்பது இதனால் விளங்கும்.

மற்றுமொரு கணக்கு. 30 டிகிரியிலுள்ள 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்கு உயர்த்த ஏறத்தாழ 70 கிலோ கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்நீரை முழுதும் ஆவியாக்கவோ, சுமார் 540 கிலோ கலோரி வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு! எனவே நன்றாகப் பிழிந்து நீக்கும் ஒவ்வொரு சொட்டும் பெருஞ் சேமிப்பாகும்.

இம்மூன்றுக்கும் அப்பால் நான்காம் நிலையும் உண்டு. மிகுந்த வெப்பத்தில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துவிடுகின்றன. இந்நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். விண்மீன்களில் அணுக்கள் இவ்வாறு பிரிவதை அளந்தறியும் சமன்பாட்டை 1920ஆம் ஆண்டில் வெளியிட்டவர் நம் நாட்டு மேகநாத் சாகா. ஈரத் துணியை உலர்த்தும் கதிரவனும் பிளாஸ்மாவே.

வெளி மாநிலங்களில் சிறு அறைகளில் வாழும் நேயர்கள் ஒன்றை மறவாதிருத்தல் நன்று. மழை நாளில் துணி உலரவும், குளிர் நாளில் உடல் காயவும், கதவடைத்த அறையில் கரி அடுப்பை மூட்டுவோர் உளர். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரின் உயிரையே அது கவர்ந்துவிடும். துணியை உலர்த்த எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிடுவதே தக்கது.

இவ்வளவும் கேட்ட முதியவர், "அப்படியானால் கயிற்றில் துணிகளை இன்னும் இடைவெளி விட்டுப் போடவேண்டும்" என்றார். நாம் கூற நினைத்திருந்த முடிவும் அதுவே.