உங்களுக்குத் தெரியுமா? சந்தனம் தனியாக வளராது!

ஏற்காட்டைச் சுமந்திருக்கும் சேர்வராயன் மலையில் மரத்திருட்டு என்றால் முதலில் பேச்சு வருவது சந்தனத்தைப் பற்றித்தான். மணமும் எண்ணெயும் இருப்பது நடுவைரத்தில்; வெளிச்சுற்று வெள்ளையில் கிடையாது. அதனால் திருடர்கள் அடிமரத்தைக் கொத்தி, வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. பாயாத இளமரம் தப்பும், காயத்தோடு. பாய்ந்திருந்தால் வேரையும் தோண்டிவிடுவார்கள். எண்ணெய் அதிகம் அங்கேதான்.

வெட்டிய இடத்தில் ஒரு கன்று நட்டால் சரியாகிவிடாதா? அவ்வளவு சுலபமில்லை. சந்தனம் அரை ஒட்டுண்ணி. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பதித்து நீரும் சத்தும் எடுக்கும். துணையில்லாத பொட்டலில் அது தேறுவது கடினம்.

சட்டமும் புதிதல்ல. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டவும் அதற்கென அமைந்த குழுவின் அனுமதி வேண்டும்.