தசர்ப் பட்டும் அதன் பூச்சியும்

அலிப்பூரிலும் அதனைச் சூழ்ந்த தென் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்குக் காஞ்சிப் பட்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், இங்குள்ள கடைகளில் தேன் நிறத்தில் காணப்படும் தசர்ப் பட்டு எங்கிருந்து வருகின்றது என்று கேட்டால், நம்மில் பலர் விடையின்றித் தயங்குவோம்.

காஞ்சிப் பட்டுக்கு நூல் தருவது முசுக்கொட்டை இலையைத் தின்னும் புழு. மனிதன் தட்டில் வைத்து ஊட்டிப் பன்னெடுங்காலம் வளர்த்தமையால், அதன் பூச்சி பறக்கும் ஆற்றலையே இழந்துவிட்டது. தசர்ப் பூச்சியோ அவ்வாறு அடங்கியதன்று. காட்டு மரத்திலேதான் அது வளரும். புருலியா, பாங்குரா மாவட்டங்களிலும் ஜார்க்கண்டிலும் மருது, கருமருது, சால் ஆகிய மரங்களின் இலையே அதற்கு உணவு. திருவிடைமருதூரில் தலமரமாக நாம் வணங்கும் மருதத்தை இங்கு ஒரு புழு தின்று பட்டாக்குகின்றது!

இலைப்பச்சை நிறமுடைய இப்புழு நான்கு முறை தோலுரித்துப் பருக்கும். பின்னர்க் கிளையைச் சுற்றி ஒரு வளையமும் அதிலிருந்து ஒரு காம்பும் நூலாலேயே அமைத்து, அதன் நுனியில் கெட்டியான கூட்டைக் கட்டிக்கொள்ளும். இலைகள் உதிர்ந்தாலும் கூடு காய்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். வறண்ட மாதங்களைக் கூட்டுப்புழு அதனுள் உறங்கியே கழிக்கும். மழைக்காலம் நெருங்கியதும், பூச்சி ஒருவகை நீரைச் சுரந்து கூட்டின் ஒரு முனையை இளக்கி, இழைகளை விலக்கிக்கொண்டு வெளிவரும். நான்கு சிறகுகளிலும் கண்ணாடி பதித்தாற்போன்ற வட்டங்கள் உண்டு. தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் ராத்சைல்டியா என்னும் பூச்சியும் இக்குடும்பத்ததே. அதன் சிறகிலும் இத்தகைய சாளரங்களைக் காணலாம்.

வெளிவந்த பூச்சிக்கு உண்ணும் வாயில்லை. புழுப்பருவத்தில் தின்றதைக் கொண்டே சின்னாள் வாழ வேண்டும். பெண்பூச்சியின் மணத்தை இறகு போன்ற உணர்கொம்புகளால் அறிந்து ஆண்பூச்சி இருளில் தேடி வரும். முட்டையிட்டபின் பெண்பூச்சி மடியும்.

கொல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ராக்ஸ்பர்க், 1804-ஆம் ஆண்டிலேயே இப்பூச்சியைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். இதனை வளர்ப்போர் பெரும்பாலும் பழங்குடி மக்கள். அவர்கள் புழுக்களை மரத்தில் விட்டு, பறவைக்கும் எறும்புக்கும் குளவிக்கும் இரையாகாமல் காவல் காக்கின்றனர். அறுபடாத நூல் வேண்டுமாயின், பூச்சி வெளிவருமுன் கூட்டுப்புழுவைக் கொன்றாக வேண்டும். எல்லாக் கூடுகளையும் விற்றுவிட்டாலோ அடுத்த பருவத்துக்கு முட்டையில்லை. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய குடியானவன் கதைதான். கைக்காசு தேவைப்படும் வீட்டில், இத்தனை கூடுகளை விதைக்கென ஒதுக்குவது எளிதான முடிவன்று.

அவ்வாறு ஒதுக்கிய கூடுகளும் வீணாவதில்லை. பூச்சி வெளியேறித் துளைபட்ட அக்கூடுகளிலிருந்து பெண்கள் கையாலேயே நூலைத் திரித்தெடுக்கின்றனர். கீச்சா என்னும் சொரசொரப்பான துணி அந்நூலில் நெய்யப்படுவதே.